மூழ்கவே முடியாத கடல் என்றொரு அரைப் பொய்

அந்தப் போட்டோவைப் பார்க்காதவர்கள் குறைவு. நீலத் தண்ணீரில் ஓர் ஆசாமி மல்லாக்கப் படுத்துக்கொண்டு, கால் மேல் கால் போட்டு, செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். அடியில் ஒரு வரி: நீச்சல் தெரியாதவர்களும் மூழ்காத சாக்கடல்! டிராவல்ஸ் நோட்டீஸ், வாரப் பத்திரிகைத் துணுக்கு, 'உங்களுக்குத் தெரியுமா' பொது அறிவுப் புத்தகம், இப்போது செல்போனில் ஓடும் முப்பது விநாடி வீடியோ என்று எல்லா இடத்திலும் அதே ஆசாமி, அதே செய்தித்தாள்.

காரைக்குடியில் இந்தக் கதைக்குக் கேட்பவர்கள் அதிகம். ஊர் விட்டு ஊர் போவது செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய பூமி இது. இன்று வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் லீவு கிடைத்தால் ஜோர்டான் போய் வருகிறார்கள். கிறித்தவக் குடும்பங்கள் புனித பூமிப் பயணம் போகின்றன. ஜெருசலேம் பயணத்துக்குத் தமிழக அரசே மானியம் தருவதாக 2011-இல் அறிவித்தது. 2023 அக்டோபரில் தொடங்கிய போர் அந்தப் பக்கத்துப் பயணங்களைக் கெடுத்தது. ஆனாலும் ஆசை போகவில்லை, டூர் நோட்டீஸும் நிற்கவில்லை. அதில் "நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை" என்ற வரியும் மாறவில்லை.

அந்த வரியில் பாதி உண்மை. மீதிப் பாதி ஆளைக் கொல்லும்.

பாலைவன உப்பேரியில் பத்திரமாக மிதக்க ஒருவனுக்கு மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மல்லாந்து படுக்க, பதறாமல் இருக்க, குப்புறத் திரும்பினால் மறுபடி மல்லாந்துகொள்ள. மூன்றையும் சாக்கடல் சொல்லித்தராது. நல்ல தண்ணீரில், சின்ன வயதில், ஊருணியிலோ கண்மாயிலோ கற்றுக்கொண்டு போக வேண்டியவை அவை. அதைக் கற்றுத்தரும் இடங்களைக் குப்பைமேடாக்கிவிட்டு, நீச்சல் தெரியாதவனுக்கும் ஒரு கடல் இருக்கிறது என்று மகிழ்வது என்ன நியாயம்?

கணக்கு என்ன சொல்கிறது?

முதலில் உண்மையான பாதி. சாதாரணக் கடல் நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு. சாக்கடலில் சுமார் 340 கிராம், அதாவது கிட்டத்தட்ட பத்து மடங்கு. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ இருந்தால், ஒரு லிட்டர் சாக்கடல் நீர் சுமார் 1.24 கிலோ.

இனி பிளஸ் ஒன் இயற்பியல். மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்த மனித உடம்பின் அடர்த்தி சுமார் 0.98. அறுபது கிலோ ஆள் ஏறக்குறைய 61 லிட்டர் இடத்தை அடைக்கிறான். நல்ல தண்ணீரில் அவனைத் தாங்க 60 லிட்டர் அளவு உடம்பு உள்ளே இருந்தால் போதும், மீதி ஒன்றேகால் லிட்டர் வெளியே நிற்கும். சாக்கடலில் 48 லிட்டர் உள்ளே இருந்தால் போதும், 13 லிட்டர் வெளியே நிற்கும். மூச்சை முழுதாக விட்டால் உடம்பின் அடர்த்தி ஒன்றைத் தாண்டிவிடும். அப்போது நல்ல தண்ணீரில் மெல்ல இறங்கத் தொடங்குவான், சாக்கடலில் அப்போதும் மிதப்பான்.

ஆக, மிதக்கும் என்பது சரி. ரோமாபுரித் தளபதி வெஸ்பாசியன் (பிறகு சக்கரவர்த்தி ஆனவர்) கி.பி. முதல் நூற்றாண்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்தாராம். நீச்சல் தெரியாத சிலரின் கைகளைப் பின்னால் கட்டி ஆழத்தில் வீசச் சொன்னார், எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள் என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதி வைத்திருக்கிறார். மேலே வந்தவர்களின் முகம் வானத்தைப் பார்த்ததா, தண்ணீரைப் பார்த்ததா என்று அவர் எழுதவில்லை. கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

மிதப்பது வேறு, பிழைப்பது வேறு

மனிதன் மூச்சு விடுவது மூக்காலும் வாயாலும். 13 லிட்டர் உடம்பு வெளியே நிற்கும், சரி. அந்தப் 13 லிட்டரில் முகம் இருக்கிறதா, முதுகு இருக்கிறதா? முதுகு என்றால், மிதந்துகொண்டே சாகலாம்.

சாக்கடலில் குப்புறக் கவிழ்ந்தவர்களுக்கு நடப்பது இதுதான். அடர்த்தியான நீர் இடுப்பையும் காலையும் மேலே தள்ளுகிறது. கால்களைக் கீழே இறக்கி நிற்கலாம் என்றால் இறங்காது. தலையைத் தூக்கினால் முதுகு வில்லாக வளைய வேண்டும், கழுத்து கொஞ்ச நேரத்தில் சோர்ந்துவிடும். பதறிக் கையைக் காலை அடித்தால் கண்ணில் உப்புநீர் தெறிக்கும். கண் எரிந்து மூடிக்கொண்டால் கரை எந்தப் பக்கம் என்று தெரியாது. வாய் திறந்தால் அடுத்த ஆபத்து உள்ளே போகும்.

அந்த அடுத்த ஆபத்தைப் பற்றி நோட்டீஸ்காரர்கள் மூச்சே விடுவதில்லை. சாக்கடலில் இருப்பது சாப்பாட்டு உப்பு மட்டுமல்ல. அதில் கரைந்திருக்கும் உப்புகளில் ஏறக்குறைய பாதி மெக்னீசியம் குளோரைடு, அடுத்தபடியாக சோடியம் குளோரைடு, பிறகு கால்சியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு. (மெக்னீசியம் குளோரைடை மின்பகுத்து உலோகம் எடுக்கும் ஆராய்ச்சி நடந்த செக்ரி இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது.) இந்த நீர் சில மடக்கு வயிற்றுக்குள்ளோ நுரையீரலுக்குள்ளோ போனால் ரத்தத்தில் மெக்னீசியமும் கால்சியமும் ஏறும். தசை தளரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். மூழ்காமலே மூழ்கியவர் நிலைக்கு வந்த இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி 1980களிலேயே மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. கரையேற்றிவிட்டோம், ஆள் பேசுகிறார், சரியாகிவிட்டது என்று ஓட்டல் அறைக்கு அழைத்துப்போவது முட்டாள்தனம். உப்புநீர் விழுங்கியவரை ஆஸ்பத்திரிக்குத்தான் அழைத்துப்போக வேண்டும்.

எனவே போகிறவர்கள் போகலாம், ஒழுங்காகப் போகலாம்:

1. உயிர்காப்பாளர் இருக்கும், எல்லை குறித்த கரையில் மட்டும் இறங்க வேண்டும். அவர் எழுந்து போய்விட்டால் குளியலும் முடிந்தது.
2. இறங்குவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே சவரம் செய்வதை நிறுத்திவிட வேண்டும். சின்னக் கீறல் இருந்தாலும் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும்.
3. செருப்பு வேண்டும். அடியில் உப்புக்கட்டிகள் கண்ணாடிச் சில்லு மாதிரி இருக்கும்.
4. ஓடிப்போய் விழக் கூடாது, குதிக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் மேல் தண்ணீர் அடிக்கக் கூடாது. தொடையளவு நீருக்கு மெதுவாக நடந்து போய், முதுகைக் காட்டி, நாற்காலியில் உட்காருவது போல உட்கார வேண்டும். கால் தானாக மேலே வரும்.
5. எப்போதும் மல்லாந்தே இருக்க வேண்டும். குப்புறப் படுத்து நீந்திப் பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம்.
6. எழ வேண்டுமா? முழங்கால்களை நெஞ்சுக்கு இழுத்து, கைகளால் சமன் செய்து, பாதத்தை அடியில் ஊன்றிய பிறகுதான் நிமிர வேண்டும்.
7. கண்ணில் பட்டால் ஈரக் கையால் தேய்க்கக் கூடாது. கரையில் ஒருவர் நல்ல தண்ணீர் பாட்டிலோடு நிற்கட்டும்.
8. பதினைந்து, இருபது நிமிடம் போதும். பிறகு நல்ல தண்ணீரில் குளித்து, நிறையக் குடிக்க வேண்டும். இதய நோய், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது.
9. காற்று கரையிலிருந்து உள்ளே வீசுகிறதா என்று பார்க்க வேண்டும். மிதப்பவனைக் காற்று இழுத்துக்கொண்டு போகும், அவனுக்கே தெரியாது.

கரையும் ஒரு மாதிரிதான். அந்த ஏரியின் மட்டம் ஆண்டுக்குச் சுமார் ஒரு மீட்டர் இறங்குகிறது. ஜோர்டான் நதியின் தண்ணீரை மேலேயே மறித்து எடுத்துக்கொள்வதும், உப்புச் சரக்கு எடுப்பதற்காகத் தெற்குப் பகுதியில் நீரைக் காயவிடுவதும்தான் முக்கியக் காரணங்கள். ஏரி பின்வாங்கிய இடத்தில் நிலத்தடி நல்ல நீர் புகுந்து, புதைந்து கிடக்கும் உப்புப் படிவத்தைக் கரைக்கிறது. ஒரு நாள் மேல் மண் பொத்தென்று உள்வாங்குகிறது. இப்படி ஆயிரக்கணக்கான குழிகள் விழுந்திருக்கின்றன. ஒரு காலத்தில் கூட்டம் அலைமோதிய எய்ன் கெதி கடற்கரையையே இதனால் மூடவேண்டியதாயிற்று. வேலி போட்ட இடத்தில் போட்டோவுக்காக வேலி தாண்டுகிறவர்களுக்கு இயற்பியல் உதவாது.

(உள்ளூரிலேயே மிதக்கலாமே என்று ராஜஸ்தானின் சாம்பார் ஏரிக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது உப்பளம், பறவைகளின் இடம், பெரும்பகுதி முழங்கால் ஆழம்கூட வராது. 2019 நவம்பரில் பதினெட்டாயிரம் பறவைகள் வரை செத்து விழுந்ததும் அங்கேதான். மிதக்க ஏற்ற இடமல்ல.)

பதறாதே என்றால் யார் பதறாமல் இருப்பார்?

மேலே உள்ள ஒன்பது விதிகளையும் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் தண்ணீரில் ஒருமுறைகூட மல்லாந்து படுக்காத ஆளுக்கு ஐந்தாம் விதியும் ஆறாம் விதியும் வெறும் எழுத்து. காது நீருக்குள் போனதும் சத்தம் அடங்கும், கால் தரையை விட்டதும் வயிறு கலங்கும். உடனே நிமிரப் பார்ப்பான், நிமிரப் பார்த்தால் கவிழ்வான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், மிதக்கவும் உதவாது.

நிஜச் சுரைக்காய் உதவியது. காய்ந்த சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டு கண்மாயில் இறங்கி நீச்சல் பழகிய தலைமுறை ஒன்று இருந்தது. முதலில் குடுக்கை, பிறகு குடுக்கை இல்லாமல் அண்ணன் கை, பிறகு அண்ணன் கையும் இல்லாமல். ஒரு கோடை விடுமுறை போதும். அந்தத் தலைமுறையில் ஒருவரைச் சாக்கடலில் கொண்டுபோய் விட்டால் செய்தித்தாளை வாங்கி நிஜமாகவே படிப்பார். அவருடைய பேரப்பிள்ளையைக் கொண்டுபோய் விட்டால்?

செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழையைப் பிடித்து வைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அதனால்தான் வீட்டின் வளவில் ஓட்டுச் சரிவில் வழியும் மழையை அண்டாவில் பிடித்தார்கள், மிச்சத்தைத் தெருவின் வடிகால் வழியே ஊருணிக்கு அனுப்பினார்கள். வெட்டிய ஊருணிக்குச் செம்பூரான்கல்லில் படி கட்டினார்கள், வரத்துக்காலைக் காத்தார்கள். ஊருக்குப் பயன்படும் செல்வத்துக்கு ஊருணியை உவமை சொன்னவர் வள்ளுவர். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகளை யுனெஸ்கோ தன் உத்தேசப் பட்டியலில் 2014-இல் சேர்த்தது. பார்க்க வருகிறவர்கள் ஆத்தங்குடி டைல்ஸையும் தேக்குத் தூணையும் போட்டோ எடுக்கிறார்கள். ஊருணிப் பக்கம் கேமரா திரும்புவதில்லை. திரும்பினால் நெகிழிப் பையும் ஆகாயத்தாமரையும் சீமைக்கருவேலமும்தான் விழும்.

ஜோர்டானை மறித்ததால் சாக்கடல் வற்றுகிறது என்று ஆச்சரியப்படுகிறவர்கள், தங்கள் தெருவின் வரத்துக்கால் மேல் யார் வீட்டுப் படிக்கட்டு நிற்கிறது என்றும் பார்க்கலாம்.

பழையதெல்லாம் பொற்காலம் என்று சொல்லவும் முடியாது. எல்லா ஊருணியிலும் எல்லோரும் இறங்க முடிந்ததில்லை. எந்தப் படித்துறையில் எந்தச் சாதி என்று கணக்கு இருந்தது. சில நீர்நிலைகளின் பக்கம் வரவே கூடாதென்று சிலரை விரட்டிய வரலாறும் இருக்கிறது. பெண் பிள்ளைகள் கரையில் துணி துவைத்தார்கள், நீச்சல் பழகியவர்கள் பெரும்பாலும் பையன்கள். ஊருணியை மீட்கிறோம் என்று கிளம்புகிறவர்கள் பழைய வேலியையும் சேர்த்து மீட்டுவிடக் கூடாது.

உப்பில்லாத தண்ணீரில் ஒன்றேகால் லிட்டர்

இனி இந்தக் கட்டுரையின் நிஜமான கோபத்துக்கு வரலாம். சாக்கடலுக்குப் போகிறவர்கள் சில பேர். கண்மாய்க்குப் போகிறவர்கள் எல்லோரும்.

இந்தியாவில் ஆண்டுக்கு முப்பதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் நீரில் மூழ்கி இறப்பதாக அரசின் குற்ற ஆவணக் காப்பகமே பதிவு செய்கிறது. உலக அளவில் 2023-இல் இது சுமார் மூன்று லட்சம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிவகங்கை மாவட்டத்தில் ஒவ்வொரு கோடையிலும், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் உள்ளூர்ப் பக்கத்தில் அதே செய்தி வரும். பெயரும் ஊரும் மட்டும் மாறும். ஒரு பிள்ளை வழுக்குகிறது, பிடிக்கப் போன இன்னொரு பிள்ளையும் போகிறது. இரண்டு வரி இரங்கல், ஒரு நிவாரண அறிவிப்பு, "எச்சரிக்கை: ஆழமான பகுதி" என்றொரு பலகை. அடுத்த மழையில் பலகை சாயும்.

முன்பு குடிமராமத்தில் கையால் மண் அள்ளியபோது கண்மாய் தட்டு போல மெல்லச் சரிந்திருக்கும். கால் வைக்க வைக்க ஆழம் தெரியும். இன்று இயந்திரம் வைத்து அள்ளும் இடங்களில் கிணறு போலச் செங்குத்தாக வெட்டுகிறார்கள். முழங்கால் தண்ணீரில் நிற்கும் பிள்ளைக்கு அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழம். மேலே கலங்கல் தண்ணீர், உள்ளே குழி இருப்பது யாருக்கும் தெரியாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழியைக் குழந்தைக்குச் சொல்லித்தருகிறவர்கள், ஆழத்தை மறைத்து வைத்தவனுக்கு ஒன்றும் சொல்வதில்லை.

அந்தக் குழியில் விழுந்தவனுக்கு மேலே போட்ட கணக்கின்படி மிச்சம் இருப்பது ஒன்றேகால் லிட்டர்தான். தலையைப் பின்னால் சாய்த்து, வாயையும் மூக்கையும் மட்டும் வெளியே வைத்து, நெஞ்சில் காற்றைப் பிடித்துக் கிடந்தால் அது போதும். 'காப்பாத்துங்க' என்று இரண்டு கையையும் தூக்கினால்? அறுபது கிலோ ஆளின் ஒரு கை சுமார் மூன்று கிலோ. கை வெளியே போனால் முகம் உள்ளே போகும். அதனால்தான் மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் சத்தமே போடுவதில்லை, போட முடிவதில்லை. சினிமாவில் வருவது போலக் கத்திக் கூப்பிட்டு யாரும் மூழ்குவதில்லை. பத்தடி தூரத்தில் துணி துவைத்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்குத் தெரியாமலே முடிந்துவிடும்.

மல்லாந்து கிட, தலையைச் சாய், கையை நீருக்குள் வை. இந்த மூன்றும் தெரிந்த பிள்ளைக்கு யாராவது வரும்வரை நேரம் கிடைக்கும். சாக்கடலில் உயிர் காப்பதும் இதே மூன்றுதான். அங்கே 13 லிட்டர், இங்கே ஒன்றேகால் லிட்டர். அங்கே தவறு செய்தாலும் உடம்பு மேலே இருக்கும், இங்கே தவறு செய்தால் அதுவும் இல்லை. அதனால் இந்த மூன்றையும் முதலில் சொல்லித்தர வேண்டியது டூர் போகிறவனுக்கா, கண்மாய்க்கரைப் பிள்ளைக்கா?

இதற்குப் பள்ளிக்கூடங்களும் பெற்றோரும் வைத்திருக்கும் பதில் ஒன்றே: தண்ணிப் பக்கம் போகாதே. கண்மாய் இல்லாத ஊர் இல்லாத மாவட்டத்தில் இது, ரோட்டுப் பக்கம் போகாதே என்பது போன்ற அறிவுரை. போகத்தான் போகிறார்கள். போகும்போது தெரியாமல் போகிறார்கள், சொல்லாமலும் போகிறார்கள். தடையினால் கிடைத்த பலன் அவ்வளவுதான்.

சொல்லப்படும் சாக்குகள்

"நீச்சல் தெரிந்தவன்தான் தண்ணீரில் சாகிறான்." இதை ஒரு தத்துவம் போலச் சொல்வார்கள். தெரிந்தவன் செத்தால் ஊர் பேசும், தெரியாதவன் செத்தால் 'விதி' என்று விட்டுவிடும், அதனால் தோன்றும் மயக்கம் இது. அதில் ஒரு பங்கு உண்மை உண்டு. வேகமாக நீந்தத் தெரிந்தவனுக்கு மிதந்து ஓய்வெடுக்கத் தெரியாவிட்டால் நடுவில் களைத்துப்போவான். ஆகவே முதலில் மிதப்பது, பிறகு நீந்துவது என்றுதான் சொல்லித்தர வேண்டும்.

"ஊருணி குடிதண்ணீர், அதில் கால் வைக்கலாமா?" கூடாது. குடிக்கும் ஊருணி வேறு, குளிக்கும் குளம் வேறு என்று பிரித்து வைத்திருந்த ஊர்கள்தான் இவை. குளிக்கும் குளத்தைத்தான் கேட்பது.

"தண்ணீர் அசுத்தம்." சாக்கடையைத் திருப்பிவிட்டது பிள்ளைகளா? அசுத்தம் என்பது ஊருணியை விட்டுவிடக் காரணமல்ல, சாக்கடையை நிறுத்தக் காரணம்.

"நீச்சல் குளம் கட்டினால் போச்சு." பாரம்பரிய வீடுகளை ஓட்டல் ஆக்கிய இடங்களில் நீலத் தரை போட்ட குளங்கள் இருக்கின்றன. அவை அறை எடுத்தவர்களுக்கு. பள்ளத்தூரிலும் கோட்டையூரிலும் ஆடு மேய்க்கும் பிள்ளைக்கு யார் டிக்கெட் எடுப்பது?

"பொம்பளப் பிள்ளைகளுக்கு எதுக்கு நீச்சல்?" துணி துவைக்கவும் குடம் நிரப்பவும் படித்துறைக்கு அனுப்பப்படுவது யார்? வழுக்கும் பாசிக்கு ஆண் பெண் தெரியாது. ஈரப் பாவாடை காலைச் சுற்றிக்கொள்ளும் என்பதால் அவர்களுக்கு ஒரு பாடம் கூடுதலாகவே வேண்டும்.

வங்கதேசத்தில் முடிந்தது

இதெல்லாம் கனவு என்பவர்கள் பக்கத்தில் பார்க்கலாம். வங்கதேசம் பணக்கார நாடல்ல. ஊருக்கு ஊர் குட்டை, வீட்டுக்குப் பின்னால் குளம், அதில் மூழ்கிச் சாகும் பிள்ளைகள். அங்கே 2000களின் நடுவில் ஸ்விம்சேஃப் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். கான்கிரீட் குளம் எதுவும் கட்டவில்லை. ஊர்க்குளத்திலேயே மூங்கிலால் ஒரு மேடை கட்டி, பிள்ளை நின்றால் நெஞ்சளவு நீர் இருக்கும்படி அடைத்தார்கள். சொல்லித்தருபவர் உள்ளூர் இளைஞர் அல்லது இளம்பெண். நான்கு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள். தேர்ச்சிக்கு மூன்றே விஷயம்: 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், மூழ்குகிறவனைக் காப்பாற்ற உள்ளே குதிக்காமல் கரையிலிருந்தே கம்பையோ துணியையோ நீட்டத் தெரிய வேண்டும். லட்சக்கணக்கான பிள்ளைகள் பழகினார்கள். பழகிய பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது பெருமளவு குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டின. பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுத்தருவதை உலக சுகாதார நிறுவனம் இன்று பரிந்துரைக்கிறது. ஜூலை 25-ஐ மூழ்குதல் தடுப்பு நாளாக 2021-இல் ஐ.நா. சபை அறிவித்தது.

அந்த மூன்றாவது பாடம் செட்டிநாட்டுக்கு மிக அவசரம். ஒன்றாகப் போகும் இரண்டு, மூன்று பிணங்களில் பாதி, காப்பாற்றக் குதித்தவர்களுடையது. சேலை, துண்டு, கம்பு, காலிக் குடம், கார் டியூப் எதையாவது எறி, நீ குதிக்காதே. இதை ஒரு வகுப்பில் சொல்லித்தந்துவிடலாம். கூடவே இன்னொன்றையும் சொல்லித்தர வேண்டும்: வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் வயிற்றை அமுக்குவதும் வைத்தியமல்ல. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு, நெஞ்சில் அழுத்தம், 108-க்குப் போன். தண்ணீர் வரட்டும் என்று வயிற்றை அமுக்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பிள்ளையின் மூளை காற்றில்லாமல் கிடக்கிறது.

மூங்கில் செட்டிநாட்டில் கிடைக்காத பொருளா? நீச்சல் தெரிந்த இளைஞர்கள் இல்லையா? பல்கலைக்கழகமும் பொறியியல் கல்லூரியும் ஆய்வகமும் இருக்கும் ஊர் காரைக்குடி. 2024-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் எங்காவது போய்ச் செடி நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். ஒரே ஒரு ஆண்டு, ஒரே ஒரு குளிக்கும் குளத்தை எடுத்து, குழிகளை அளந்து கயிறு கட்டி, மேடை போட்டு, எல்லாத் தெருப் பிள்ளைகளையும் ஒரே படியில் இறக்கி, பெண் பிள்ளைகளுக்கு ஒரு பெண் பயிற்சியாளரை வைத்து நடத்திப் பார்க்கட்டும். அரசாங்கம் செய்யட்டும் என்பதும் சரிதான். கண்மாயில் மண் அள்ள அனுமதிப்பவர்கள் சரிவு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் பாதி வேலை முடிந்தது. அந்த ஒரு வரியை எழுதச் சொல்லி ஊர் கேட்க வேண்டும்.

முடியாது என்றால், அந்தப் பொய்யை மட்டுமாவது விட்டுவிடலாம். மூழ்கவே முடியாத கடல் என்று எதுவும் இல்லை. மிதக்கத் தெரிந்தவனைத் தாங்கும் தண்ணீர்தான் எல்லா இடத்திலும் இருக்கிறது, ஒரு இடத்தில் கொஞ்சம் தாராளமாக, இன்னொரு இடத்தில் ஒன்றேகால் லிட்டர் அளவுக்குக் கணக்காக. உலகத்தின் அந்தக் கோடிக்குப் போய் உப்பில் மிதக்க ஆசைப்படும் ஊர், தன் பிள்ளையை உள்ளூர்க் குளத்தில் முப்பது விநாடி மிதக்க வைத்துவிட்டுப் போகட்டும்.